பழைய டியூபாக்களில் காற்று போகும் வழி: பெஸ்ஸன், யார்க், மிராஃபோன்

பின்னால் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் லண்டனில் ஒரு சர்ச் பேண்டில் நான்கு வால்வு காம்பன்சேட்டிங் (சுருதிக் குறையைக் கருவியே சரிக்கட்டும் வகை) யூஃபோனியம் வாசிக்கிறீர்கள். இப்போது அதைவிடப் பெரிய, பேண்டின் அடித்தொனியைத் தரும் பித்தளைக் கருவியான டியூபாவுக்கு மாற வேண்டும். கட்டுப்படியாகும் விலையில் மூன்று பழைய கருவிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று நான்கு வால்வு பெஸ்ஸன் ஈ பிளாட், காம்பன்சேட்டிங். இரண்டாவது 1920களில் அமெரிக்காவில் செய்த யார்க் பி பிளாட், நான்கு பிஸ்டன். மூன்றாவது ஜெர்மன் மிராஃபோன் 186, அதுவும் பி பிளாட், நான்கு ரோட்டரி வால்வு. மூன்றிலும் குழாயை ஏன் இப்படி வெவ்வேறு விதமாகச் சுற்றியிருக்கிறார்கள், எந்தச் சுற்று மேல் என்பது உங்கள் கேள்வி.

எந்தச் சுற்று மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மூன்று கருவிகளிலும் ஒரே கணக்குக் குறைபாடு இருக்கிறது, அதைச் சமாளிக்க மூன்று ஊரிலும் மூன்று வழி பிடித்தார்கள். அந்தக் குறைபாடு புரிந்துவிட்டால், ஒரு டியூபாவைப் பார்த்த உடனே எந்த நோட்டில் அது உங்களைப் படுத்தும் என்று சொல்லிவிடலாம். கடைக்காரர்கள் பெல்லின் (கருவியின் விரிந்த வாய்) அகலத்தைச் சொல்வார்கள், வால்வு எண்ணிக்கையைச் சொல்வார்கள். நான் அவை இரண்டையும் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் மவுத்பீஸ் வைக்கும் இடத்தில் விரலை வைத்து, காற்று போகும் வழியிலேயே பெல் வரைக்கும் தடவிக்கொண்டு போவேன்.

முதலில் கணக்கு. பி பிளாட் டியூபாவின் குழாயைச் சுற்றுப் பிரித்து நீட்டினால் சுமார் 18 அடி, அதாவது 5.5 மீட்டர் வரும். சி டியூபா 16 அடி, ஈ பிளாட் 13, எஃப் 12. ஒரு செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு நோட்டுக்கு உள்ள இடைவெளி) கீழே இறங்க, இருக்கும் நீளத்தில் கிட்டத்தட்ட 6 சதவீதம் சேர்க்க வேண்டும். இரண்டாவது வால்வின் வேலை அதுதான்: அழுத்தினால் காற்று கூடுதலாக ஒரு குழாய் வளையத்தைச் சுற்றி வரும். முதல் வால்வு இரண்டு செமிடோன் இறக்கும், அதற்கு 12.2 சதவீதம். மூன்றாவது வால்வு மூன்று செமிடோன், 18.9 சதவீதம். தனித்தனியாக அழுத்தும் வரை தகராறு இல்லை. சேர்த்து அழுத்தினால்தான் வினை. 1ம் 3ம் சேர்ந்தால் 31.2 சதவீதம் கூடுகிறது, ஆனால் ஐந்து செமிடோன் இறங்கத் தேவை 33.5. முதல் வால்வை அழுத்தியதுமே குழாய் நீண்டுவிடுகிறது. நீண்ட குழாய்க்கு மூன்றாவது வால்வின் வளையமும் அதே விகிதத்தில் நீள வேண்டும். அதுவோ பழைய நீளத்துக்கு வெட்டி ஒட்டப்பட்டது.

5.5 மீட்டர் குழாயில் இந்தக் குறை ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். மூன்று வால்வையும் சேர்த்து அழுத்தினால் 23, 24 சென்டிமீட்டர் போதாமல் நிற்கும். ஒரு செமிடோனை நூறாகப் பிரித்த அளவை சென்டு என்பார்கள். அந்த அளவில் முதலாவது 30 சென்டு ஏறி ஒலிக்கும், இரண்டாவது 50 சென்டுக்கும் மேலே ஏறிவிடும். செமிடோனில் பாதிக்கு மேல் என்றால் உதட்டால் இழுத்துச் சரிக்கட்டுவது பெரும்பாடு. டியூபா பேண்டின் அடித்தளம் என்பதால், அது ஏறினால் மேலே வாசிக்கிற எல்லாருமே சுருதி விலகியதுபோலக் கேட்கும்.

இந்தக் கணக்கு டியூபா பிறந்த நாளிலிருந்தே தெரிந்ததுதான். 1835இல் பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட்டும் யோஹான் காட்ஃபிரீட் மோரிட்ஸும் காப்புரிமை வாங்கிய முதல் பாஸ் டியூபாவிலேயே ஐந்து வால்வு உண்டு. அது எஃப் கருவி. இடது கைக்கு இரண்டு வால்வு, வலது கைக்கு மூன்று. ஒரு வால்வை அழுத்தினால் சி கருவிபோல ஆகிவிடும், அந்த நீளத்துக்குத் தகுந்த வளையங்களையும் கையோடு வைத்துக்கொள்வது என்பதுதான் யோசனை. அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவை பக்கத் துளைகளை மூடித் திறக்கும் செர்ப்பென்ட்டும் ஓஃபிகிளைடும். அவற்றுக்கு இந்தச் சிக்கலே கிடையாது, வேறு சிக்கல்கள் இருந்தன.

இனி உங்கள் மூன்று கருவிகளுக்கு வருவோம்.

பெஸ்ஸனின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வால்வுக்கும் வழக்கமான பெரிய வளையம் இருக்கும். அதை ஒட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி வளையமும் இருக்கும். அந்தக் குட்டி வளையங்கள்தான் டேவிட் ஜேம்ஸ் பிளெய்க்லியின் கண்டுபிடிப்பு. லண்டனில் பூசி நிறுவனத்தில் இருந்தவர் அவர், 1874இல் காப்புரிமை. நான்காவது வால்வை அழுத்தாத வரை குட்டி வளையங்களில் காற்றே போகாது. அழுத்தியதும் காற்று நான்காம் வால்வின் நீண்ட குழாயைச் சுற்றி, நேராக பெல்லுக்குப் போகாமல், மறுபடி முதல் மூன்று வால்வுகளுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அந்த இரண்டாவது சுற்றில் எந்த வால்வு அழுத்தியிருக்கிறதோ அதன் குட்டி வளையமும் பாதையில் சேர்ந்துகொள்ளும்.

அளவைப் பார்த்தால் யோசனையின் அழகு தெரியும். ஈ பிளாட் டியூபா 13 அடி, சுமார் 4 மீட்டர். நான்காம் வால்வு ஐந்து செமிடோன் இறக்கும், அதற்கு 33.5 சதவீதம், அதாவது 1.3 மீட்டர் சொச்சம். இந்த 1.3 மீட்டருக்கு மட்டும் செமிடோன் விகிதம் போட்டால் 8 சென்டிமீட்டர் வருகிறது, இரண்டாவது வால்வின் குட்டி வளையம் அவ்வளவுதான். முதல் வால்வுக்கு 16, மூன்றாவதுக்கு 25 சென்டிமீட்டர். வாசிப்பவர் எதையும் இழுக்க வேண்டாம், நினைவில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம், அழுத்திய விரலே கணக்கைச் சரிசெய்துவிடும். யூஃபோனியத்தில் நீங்கள் தினமும் அனுபவிப்பது இதைத்தான்.

இதற்கு விலை உண்டு. காற்று வால்வுத் தொகுதிக்குள் இரண்டு தடவை நுழைந்து வர வேண்டும். குட்டி வளையங்களில் வளைவு மிகவும் இறுக்கம். அதனால் நான்காவது வால்வோடு கீழே இறங்க இறங்க எதிர்ப்பு கூடும், சத்தம் கொஞ்சம் அடைத்தாற்போல ஆகும். பழைய கருவிகளில் இது நன்றாகவே தெரியும். எடையும் கூட. அப்புறம் ஒரு சின்ன எரிச்சல்: குட்டி வளையங்கள் சிலவற்றை வெளியே உருவ முடியாதபடி ஒட்டியிருப்பார்கள். உள்ளே தண்ணீர் தேங்கினால் கருவியை ஒரு சுற்றுச் சுழற்றிக் கொட்ட வேண்டியதுதான். இடம் குறைவான சர்ச்சில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சுழற்றுங்கள்.

பிரிட்டனில் இது ஏன் வேரூன்றியது என்று பார்த்தால், அங்கே பிராஸ் பேண்டில் பாஸ் ட்ராம்போனைத் தவிர மற்ற பிராஸ் கருவிகள் எல்லாவற்றுக்கும் ட்ரெபிள் கிளெஃபில்தான் (உயர்ந்த நோட்டுகளுக்கான இசைக்குறி முறை) எழுதுவார்கள். கார்னெட் வாசித்தவர் ஹார்னுக்குப் போவார், ஹார்னிலிருந்து பாஸுக்கு வருவார், விரல் மட்டும் மாறாது. அப்படி வருகிறவருக்கு, வாசித்துக்கொண்டே ஸ்லைடை (வளையத்தில் இழுத்து நீட்டக்கூடிய பகுதி) இழு என்று சொல்லிக்கொடுப்பதைவிடக் கருவியே பார்த்துக்கொள்வது நல்லது. கையமைப்பும் அதற்கேற்றபடிதான். பிஸ்டன்கள் மேல்நோக்கி நிற்கும், வலது கை மேலே. பல மாதிரிகளில் நான்காவது வால்வு பக்கவாட்டில் இடது கைக்கு இருக்கும், சிலவற்றில் நான்கும் ஒரே வரிசையில். இடது கை நான்காம் வால்வில் இருந்தால் ஸ்லைடை இழுக்கக் கை ஏது? பிளெய்க்லியின் காப்புரிமை காலாவதியான பிறகு மற்றவர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள், பெஸ்ஸன் உட்பட. பூசி 1930இல் ஹாக்ஸோடு இணைந்தது, அந்தக் கூட்டு நிறுவனம் 1948இல் பெஸ்ஸனையும் வாங்கியது. அதனால் அதற்குப் பிந்தைய பூசி 'இம்பீரியல்' ஒன்றையும் பெஸ்ஸன் 'நியூ ஸ்டாண்டர்டு' ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் பெயரைத் தவிர வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பெயருக்காக விலை கூட்டிச் சொன்னால் கொடுக்காதீர்கள்.

யார்க் வேறு மாதிரி யோசித்தவர்களின் கருவி. மிஷிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸில் செய்தார்கள். பிஸ்டன்கள் வாசிப்பவரின் முன்பக்கம், படுக்கைவாக்கில். வளையங்கள் பெரியவை, வளைவுகள் தாராளம், காற்று ஒரே தடவை நுழைந்து ஒரே தடவை வெளியேறுகிறது. குட்டி வளையம் எதுவும் கிடையாது. பற்றாக்குறையை அடைப்பது இடது கை. முதல் வால்வின் ஸ்லைடு மேல்நோக்கி நிற்பதைப் பாருங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது இடது கை இயல்பாகப் போய் விழும் இடம் அது. உதாரணத்துக்கு, 2ம் 4ம் சேர்த்து வாசிக்கும் கீழ் ஈ நோட்டுக்கு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் குறைகிறது. எந்த ஸ்லைடை இழுத்தாலும் இரண்டு காலும் சேர்ந்து நீளும் என்பதால் 5.5 சென்டிமீட்டர் இழுத்தால் போதும். ஆனால் முதல் வால்வு அழுத்தாதபோது அதன் ஸ்லைடை இழுத்து என்ன பயன்? ஆகவே இந்த நோட்டை உதட்டால் இறக்க வேண்டும், அல்லது நான்காவது வால்வின் ஸ்லைடைத் தொடவேண்டும். அமெரிக்க வாசிப்பாளர்கள் தங்கள் கருவியில் எது எதற்கு எவ்வளவு என்று கைப்பழக்கமாகவே வைத்திருப்பார்கள்.

நான்கு வால்வு மட்டும் இருந்து காம்பன்சேட்டிங் இல்லை என்றால் ஒரு நோட்டு கிடைக்கவே கிடைக்காது. பெடல் பி பிளாட்டுக்கு (வால்வு அழுத்தாமல் வரும் மிகக் கீழ் நோட்டு) நேர் மேலே உள்ள பி நேச்சுரல். நான்கையும் சேர்த்து அழுத்தினால் கூடுவது 70.6 சதவீதம், பி நேச்சுரலுக்குத் தேவை 88.8. அதற்கு மேலே உள்ள சி-யும் நேராக வராது, அதற்கே 78 சதவீதம் வேண்டும். காம்பன்சேட்டிங் கருவியில் நான்கையும் அழுத்தினால் 83 சதவீதம் வரும், அதாவது கடைசி நோட்டு செமிடோனில் பாதியளவு ஏறி ஒலிக்கும், கஷ்டப்பட்டாவது இறக்கிவிடலாம். சர்ச் பேண்டில் இந்த நோட்டு எத்தனை தடவை வரும் என்று கேட்டால், அனேகமாக வராது. ஆர்கெஸ்ட்ராவில் வரும்.

மிராஃபோனுக்குப் போவோம். வால்ட்கிரைபர்க்கில் கூட்டுறவாக நடக்கும் நிறுவனம் அது, 1946இல் தொடங்கியது. 186இன் வால்வு ரோட்டரி. வியன்னாவின் யோசெஃப் ரீட்ல் 1835இல் காப்புரிமை வாங்கிய வழியில் வந்தது. பிஸ்டன் மேலும் கீழும் போகும், ரோட்டர் இருந்த இடத்திலேயே 90 பாகை திரும்பும். விரல் நகரும் தூரம் குறைவு. நோட்டிலிருந்து நோட்டுக்கு மாறுவது வெட்டினாற்போல் தெளிவாக இருக்கும். பிஸ்டனில் வருகிற வழுக்கல் சுகம் இதில் குறைவு என்று சிலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. கணக்குப் பற்றாக்குறையை இதுவும் யார்க் மாதிரியே விட்டுவிட்டு, முதல் வால்வின் ஸ்லைடைக் கைக்கு எட்ட வைத்திருக்கிறது. இந்த வகையில் சி கருவிகளில் ஐந்தாவது வால்வு சேர்ப்பது வழக்கம். அந்த ஐந்தாவதை வழக்கமான 12.2 சதவீதமாக வைக்காமல் 16.4 சதவீதமாக, கொஞ்சம் நீட்டமாக வெட்டுவார்கள். நான்காவதோடு சேர்த்தால் 33.5ம் 16.4ம் 49.9, ஏழு செமிடோனுக்குத் தேவையும் ஏறக்குறைய அவ்வளவே. பிளெய்க்லி குட்டி வளையத்தில் செய்ததை இவர்கள் ஒரு வால்வைக் கூட்டிச் செய்கிறார்கள். காற்று திரும்ப நுழைய வேண்டியதில்லை, ஆனால் வாசிப்பவர் புது விரலமைப்புப் பழக வேண்டும்.

இதே வழியில் இன்னும் தூரம் போனவர்களும் உண்டு. வியன்னாவின் எஃப் டியூபாவில் ஆறு வால்வு, கைக்கு மூன்று. பிரான்ஸில் ஆறு வால்வு வைத்து ஒரு குட்டி சி டியூபா செய்தார்கள். அது உங்கள் யூஃபோனியத்தைவிட ஒரு டோன் உயரம், 8 அடிதான். ராவெல் 1922இல் முசோர்க்ஸ்கியின் பியானோ படைப்பை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது மாட்டுவண்டிப் பகுதியின் சோலோவை அத்தனை உயரத்தில் எழுதியது இந்தக் கருவியை மனதில் வைத்துத்தான். 18 அடிக் குழாயில் அதை வாசிக்கச் சொன்னால் பாவம், பல ஆர்கெஸ்ட்ராக்களில் யூஃபோனியத்திடம் கொடுத்துவிடுகிறார்கள்.

வால்வுக் கணக்கு இவ்வளவுதான். சத்தத்தின் நிறத்தைத் தீர்மானிப்பது அதைவிட இன்னொரு விஷயம்: குழாயில் எவ்வளவு தூரம் உருளை, எங்கிருந்து கூம்பு. மவுத்பீஸிலிருந்து வால்வு வரைக்கும் உள்ள லீட்பைப் மெல்ல விரியும். வால்வுகளுக்குள் எல்லாமே ஒரே விட்டம், உருளை. வால்வைத் தாண்டியதும் கூம்பு தொடங்கி பெல் வரை விரிந்துகொண்டே போகும். வால்வு எதுவும் அழுத்தாதபோது உருளைப் பகுதி கொஞ்சம்தான், அதனால் சத்தம் உருண்டு திரண்டு வரும். நான்கையும் அழுத்தினால் முழுக் கருவியின் முக்கால் பங்கு நீளத்துக்கு உருளைக் குழாய் சேர்ந்துவிடும். கீழ் நோட்டுகள் நிறம் மாறி, கொஞ்சம் உலர்ந்து கேட்பதற்குக் காரணம் இதுதான். குழாய் இறுக்கமாக வளைவதைவிட இது பெரிய காரணம் என்பது என் கருத்து. வளைவையே குறை சொல்பவர்கள் நிறைய.

அதனால் பெரிய டியூனிங் ஸ்லைடு எங்கே இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். ஸ்லைடு இழுபட வேண்டும் என்றால் அதன் கால்கள் உருளையாக இருந்தாக வேண்டும். வால்வுக்குப் பின்னால் அதை வைத்தால், கூம்பு தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு உருளை நுழைகிறது. சில பழைய அமெரிக்கக் கருவிகளில் அதை வால்வுக்கு முன்னால், லீட்பைப் பக்கம் கொண்டுபோயிருப்பார்கள். வால்வை விட்டதும் கூம்பு தடையில்லாமல் ஓடும், ஆனால் முன்பக்கக் குறுகல் பாதை நீள்கிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதுதான். ஜெர்மன் செய்முறையில் இன்னொரு நுணுக்கம், சில கருவிகளில் வால்வுகளின் உள்விட்டமே ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். உருளைப் பகுதியையும் படிப்படியான கூம்பாக ஆக்கப் பார்க்கிறார்கள்.

விற்பவர் உள்விட்ட எண்ணைப் பெருமையாகச் சொன்னால் மயங்க வேண்டாம். பழைய கிங் கருவிகள் 17.4 மில்லிமீட்டர், கான் நிறுவனத்தின் 20 ஜே குடும்பம் 18.6, மிராஃபோன் 186 ஏறக்குறைய 19.6. எண்ணை மட்டும் பார்த்தால் கிங்தான் சின்னதாக ஒலிக்க வேண்டும். வாசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. வால்வைத் தாண்டியபின் கீழ் வளைவிலும் மேல் வளைவிலும் குழாய் எவ்வளவு பருமனாகிறது என்பதில் இருக்கிறது விஷயம். 4/4, 5/4, 6/4 என்று டியூபாவுக்கு அளவு சொல்வார்களே, அதற்குப் பொதுத் தரமே கிடையாது. ஒரு கம்பெனியின் 4/4 இன்னொருவரின் 5/4.

யார்க் என்ற பெயருக்கு இவ்வளவு மவுசு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது பேரம் பேச உதவும். 1930களின் தொடக்கத்தில் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் லியோபோல்டு ஸ்டோகோவ்ஸ்கிக்கு ஆர்கன் மாதிரி அடித்தொனி வேண்டியிருந்தது. அதற்காக யார்க் மிகப் பெரிய சி டியூபாக்கள் செய்தது, நான்கு பிஸ்டனும் ஐந்தாவதாக ஒரு ரோட்டரியும் வைத்து. அங்கே டியூபா வாசித்த ஃபிலிப் டொனடெல்லி தொப்பை பெரியவர், மடியில் வைத்துப் பிடிக்கச் சிரமப்பட்டார். அவரிடமிருந்து ஒன்றை அவருடைய மாணவர் ஆர்னல்டு ஜேக்கப்ஸ் 175 டாலருக்கு வாங்கினார், வாரம் 5 டாலர் தவணையில். ஜேக்கப்ஸே சொன்ன கதை இது. பிற்பாடு அவர் சிகாகோ சிம்பொனியில் பல பத்தாண்டு வாசித்தார், அந்தச் சத்தம் ஒலிப்பதிவுகள் வழியாக உலகம் முழுக்கப் போயிற்று. சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்புருன்னரும் ஜப்பானின் யமஹாவும் அதை அளந்து பார்த்து நகல் செய்தார்கள். நீங்கள் பார்த்திருக்கும் யார்க் அந்தக் கருவி அல்ல. அதே பட்டறையில் பள்ளி, ஊர் பேண்டுகளுக்காகச் செய்த பி பிளாட். நல்ல கருவியாக இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும். ஆனால் ஜேக்கப்ஸ் பெயருக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

இனி வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை. பெஸ்ஸன் விஷயத்தில் முதல் கேள்வி, அது எந்தச் சுருதிக்குச் செய்தது. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகளும், நம் ஊரில் இரட்சணிய சேனை என்று சொல்கிற சால்வேஷன் ஆர்மியும் 1960களின் நடுப்பகுதி வரை உயர்ந்த சுருதியில்தான் வாசித்தார்கள். ஏ நோட் 440க்குப் பதில் 452.5 ஹெர்ட்ஸ். ஏறக்குறைய செமிடோனில் பாதி. நீங்கள் பார்த்த பெஸ்ஸன் அதற்கு முந்தியது என்றால், இன்றைய சுருதிக்கு இறக்க 11 சென்டிமீட்டருக்குமேல் குழாய் சேர்க்க வேண்டும். டியூனிங் ஸ்லைடை இரு காலிலும் 5.7 சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். அது மட்டும் போதாது, ஒவ்வொரு வால்வின் வளையமும் 2.8 சதவீதம் நீள வேண்டும். பெரிய வளையங்களின் ஸ்லைடை இழுத்துவிடலாம். ஆனால் உருவ முடியாதபடி ஒட்டிய குட்டி வளையங்களை எப்படி இழுப்பது? பழுதுபார்ப்பவர்கள் பெரிய ஸ்லைடில் நீட்டுத் துண்டு ஒட்டிக் கொடுப்பார்கள். முன்பே செய்திருக்கிறதா என்று ஸ்லைடின் கால்களில் புது வெள்ளிப்பற்று ஒட்டு தெரிகிறதா என்று பாருங்கள். கையில் டியூனரோடு போய் வால்வு இல்லாமல் ஒரு நோட்டு, 4, 2ம் 4ம், 1ம் 4ம் என்று வாசித்துப் பாருங்கள். முதலாவது சரியாக இருந்து, கீழே போகப் போக ஏறிக்கொண்டே போனால் வளையங்களை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். அமெரிக்காவிலும் உயர்ந்த சுருதிக் காலம் உண்டு. 1920களுக்கு முந்தைய கருவிகளில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சுருதிக் கருவிகளில் அதை முத்திரையாகவே குத்தியிருப்பார்கள்.

அப்புறம் வால்வு. ஒரு வால்வின் ஸ்லைடை, வால்வை அழுத்தாமல் வெளியே உருவுங்கள். காற்று இறுக்கமாக இருந்தால் இழுக்க இழுக்க எதிர்ப்புத் தெரியும், வெளியே வரும்போது 'பட்' என்று சத்தம் வரும். சத்தமே இல்லாமல் வந்தால் பிஸ்டன் தேய்ந்து காற்று கசிகிறது. காம்பன்சேட்டிங் கருவிக்கு இது மற்றவற்றைவிட முக்கியம். காற்று இரண்டு தடவை நுழைவதால் கசிவும் இரண்டு தடவை. வாங்கியவர்கள் 'பிளெய்க்லி முறையே அடைக்கிறது' என்று புலம்புவதில் பாதி, உண்மையில் தேய்ந்த பிஸ்டன்தான். பிஸ்டனுக்கு நிக்கல் பூசி உறையைக் கடைந்து பொருத்திக் கொடுப்பார்கள், ஆனால் அதற்கு ஆகும் செலவைக் கருவி விலையோடு கூட்டிப் பாருங்கள். மிராஃபோனில் நெம்புகோலைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கடகடவென்றால் இணைப்புகள் தேய்ந்திருக்கின்றன, அது மலிவான வேலை. ரோட்டரே மேலும் கீழும் ஆடினால் அது வேறு, பெரிய வேலை.

லீட்பைப்பில் பித்தளை இளஞ்சிவப்புப் புள்ளியாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகம் அரித்துப்போய் செம்பு மட்டும் நிற்கும் இடம் அது. லீட்பைப் மாற்றலாம், ஆனால் மாற்றியபின் அதே கருவியாக ஒலிக்கும் என்று நினைக்க வேண்டாம். கீழ் வளைவின் நெளிவுகள் கண்ணை உறுத்தும், சத்தத்தை அவ்வளவாகப் பாதிக்காது. லீட்பைப் நெளிவுதான் ஆபத்து, குறுகலான இடத்தில் சின்ன நெளிவும் பெரிய அடைப்பு.

உங்கள் நிலையில் நான் இருந்தால் பெஸ்ஸனைத்தான் எடுப்பேன், இன்றைய சுருதியில் இருக்கிறது என்றால் மட்டும். யூஃபோனியத்தில் பழகிய நான்காம் வால்வுப் பழக்கம் அப்படியே வரும். ட்ரெபிள் கிளெஃபில் எழுதிய ஈ பிளாட் பாஸ் பார்ட் என்றால் விரலும் மாறாது. பாஸ் கிளெஃபில் அசல் நோட்டாகவே எழுதியிருந்தால் விரலை மறுபடி படிக்க வேண்டும், அந்த வகையில் பி பிளாட் கருவி ஒரு ஸ்தாயி கீழே உங்களுக்குப் பழகிய விரலாக இருக்கும். சர்ச்சில் ஆட்கள் குறைவு, பாஸ் நீங்கள் ஒருவர்தான் என்றால் ஈ பிளாட்டின் தெளிவு போதும். பெரிய பேண்டில் இன்னொரு ஈ பிளாட்காரர் இருந்தால் பி பிளாட்டின் அடித்தளம் வேண்டும், அப்போது மிராஃபோன். உதிரிப் பாகமும் கிடைக்கும், விற்கவும் எளிது. யார்க்கின் வால்வு இறுக்கமாக இருந்து, ஸ்லைடை இழுத்து வாசிக்க உங்களுக்குப் பொறுமையும் இருந்தால், மூன்றில் அழகாக ஒலிக்கக்கூடியது அதுதான் என்று என் காது சொல்கிறது. ஆனால் யூஃபோனியத்திலிருந்து வருகிறவரின் முதல் டியூபாவாக அதை நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, யார்க் விற்பவர் 'வெட்டி சி ஆக்கிக்கொள்ளலாம்' என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் இது உண்மையிலேயே நடக்கிற வேலை. 18 அடியை 16 அடியாக்க ஒன்பதில் ஒரு பங்கு போக வேண்டும். வால்வு வளையங்களை அந்த விகிதத்தில் குறைப்பது பெரிய காரியமில்லை, அவை உருளை. ஆனால் மற்ற நீளத்தை வளைவுகளிலும் கிளைகளிலும், கூம்பாக விரிகிற இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டிய இரண்டு முனையும் ஒரே விட்டத்தில் பொருந்தாது, ஒன்றை விரிக்க வேண்டும் அல்லது வேறு கருவியின் துண்டைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எங்கே வெட்டினார் என்பதைப் பொறுத்து ஐந்தாவது, ஆறாவது ஹார்மோனிக் (விரலை மாற்றாமல் உதட்டால் மட்டும் எடுக்கும் நோட்டுகள்) எங்கெங்கோ போய் நிற்கும். கை தேர்ந்தவர் செய்தால் அருமையான கருவி கிடைக்கும், அதற்கான செலவில் நல்ல நிலையில் இருக்கும் சி டியூபாவே வாங்கிவிடலாம். தவிர உங்கள் பேண்டில் சி டியூபாவுக்கு வேலையே இல்லை. யார்க்கை வாங்கினால் வெட்டாமல் பி பிளாட்டாகவே வாசியுங்கள்.